புதுச்சேரியில் கமடோர் 1541 சர்வீஸ்: அலைன்மென்ட் அருமை, டிஸ்க் விஷயத்தில் கவனம்

நேரு வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்னப் பட்டறை. பழைய கமடோர் 64 கணினியோடு வரும் 1541 ஃப்ளாப்பி டிரைவை நம்பிக் கொடுக்கலாம்.

முதலில் டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அது ஓடும் கம்பிகளில் இறுகிய கிரீஸை எடுக்கிறார்கள். கடற்காற்று ஊரில் அங்கே துரு வேறு ஏறியிருக்கும். அடுத்து வேகம். டிஸ்க்கைச் சுற்றும் ஃப்ளைவீலில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று போட்ட வளையத்தின் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை திருகைத் திருப்புகிறார்கள். அதுதான் நிமிடத்துக்கு 300 சுற்று. இதற்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும், சோக் வைத்த பழைய டியூப்லைட் வேண்டும், எல்.இ.டி. பல்பை நம்பினால் போச்சு.

அலைன்மென்ட்டில்தான், அதாவது ஹெட்டை டிஸ்க்கின் டிராக்குகளுக்கு (வட்டப் பாதைகளுக்கு) நேராக நிறுத்துவதில்தான், இவர்கள் கெட்டி. ஃபார்மட் செய்யும்போது ஹெட் ஸ்டாப்பரில் 'டடடட' என்று மோதும் இல்லையா, அந்த அடியில் பழைய மாடல்களில் ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் புல்லி தண்டில் நழுவிவிடும். மோட்டாரின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஹெட்டின் சிக்னலை அலையாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இறுக்குகிறார்கள். உங்கள் டிஸ்க்கை வைத்தே செட் செய்யச் சொல்லாதீர்கள். கோணிய டிரைவில் எழுதியது அந்தக் கோணலோடுதான் இருக்கும்.

குறை: பூஞ்சை பிடித்த டிஸ்க்கையும் பார்க்காமல் உள்ளே தள்ளுகிறார்கள். துடைத்த ஹெட் மறுபடி அழுக்காகும். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் டிரைவ் நன்றாகச் சூடாகும். சூடேறிய பிறகு 1, 18, 35 டிராக்குகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளைவீலைச் சுற்றும் பெல்ட் அவர்களிடம் கிடைக்காது, கையோடு கொண்டுபோங்கள்.