பெல்ட் ஃபேனா, எலக்ட்ரிக் ஃபேனா? பழைய வண்டிக்கு எது சரி

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் என்ஜின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டரிலும் அதன் ஃபேனிலும் வந்து நிற்கும். "அந்த பெல்ட் ஃபேனைக் கழற்றிப் போட்டுட்டு ஒரு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டிடுங்க, பவரும் கிடைக்கும், சூடும் ஆகாது" என்று ஒருவர் சொல்வார். "கம்பெனிக்காரன் என்ன முட்டாளா, அவன் வைத்ததில் கை வைக்காதீங்க" என்பார் இன்னொருவர். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். என் வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் மாட்டி, அது சரியாக வேலை செய்யாமல் அலைந்து, பிறகு சரி செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. போட்டி இரண்டு பேருக்குள் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள். என்ஜின் பெல்ட்டால் சுற்றுகிற பெல்ட் ஃபேன் என்று பொதுவாகச் சொல்வதிலேயே இரண்டு ஜாதி: வாட்டர் பம்ப் புல்லியில் நேராக போல்ட் போட்டு முறுக்கியது ஒன்று, நடுவில் விஸ்கஸ் கிளட்ச் வைத்தது இன்னொன்று. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்கவே கூடாது, ஏனென்றால் மாற்றுவதால் கிடைக்கிற லாபம் அதைப் பொறுத்தது.

நேராக முறுக்கிய ஃபேனின் கதை எளிது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும், நிறுத்தவே முடியாது. கோளாறு எங்கே என்றால், காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் அது மெதுவாகச் சுற்றும், காற்றே வேண்டாத நேரத்தில் வெறி பிடித்தமாதிரி சுற்றும். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, நெடுஞ்சாலையில் 3000. ஆனால் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் கிரில் வழியாக வருகிற காற்றே பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் போதும். அங்கே ஃபேன் தண்டச் சுமை. அதுவும் சாதாரணச் சுமை இல்லை: ஃபேன் இழுக்கிற சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். வேகம் மூன்று மடங்கானால் சக்தி இருபத்தேழு மடங்கு. 1000 சுற்றில் 100 வாட் தின்கிற ஃபேன் என்று வைத்துக்கொண்டால், 3000 சுற்றில் 2700 வாட். கிட்டத்தட்ட மூன்றரைக் குதிரைசக்தி சும்மா காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். சத்தம் தனி.

இதைப் பார்த்துத்தான் விஸ்கஸ் கிளட்ச் கொண்டுவந்தார்கள். உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய், முன்பக்கம் நடுவில் ஒரு சின்ன பைமெட்டல் சுருள், அதாவது இரண்டு உலோகம் ஒட்டிய, சூட்டில் வளைகிற பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்று 70 டிகிரியை ஒட்டிச் சூடானதும் சுருள் திரும்பி ஒரு வால்வைத் திறக்கும், எண்ணெய் வேலை செய்யும் அறைக்குள் போகும், ஃபேன் பிடிக்கும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் பின்வாங்கும், ஃபேன் வழுக்க ஆரம்பிக்கும், ஷாஃப்ட் வேகத்தில் கால் பங்கில் சோம்பேறித்தனமாகச் சுற்றும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டுக்குள் ஒரு நிமிடம் 'உய்ய்ய்' என்று பெரிய இரைச்சல் கேட்டு அப்புறம் தானாக அடங்கினால் பயப்பட வேண்டாம். ராத்திரி முழுக்க வண்டி நின்றதில் எண்ணெய் அந்த அறையிலேயே தேங்கியிருக்கும், அது வெளியே போகும் வரைக்கும் ஃபேன் பிடித்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு இந்தச் சாமான் மேல் ஒரு தனி மரியாதை உண்டு, மறைக்கவில்லை.

எலக்ட்ரிக் ஃபேன் வந்தது வேறு ஒரு கட்டாயத்தால். என்ஜினைக் குறுக்காக வைத்து முன் சக்கரத்தை ஓட்ட ஆரம்பித்ததும் புல்லி பக்கவாட்டில் போய்விட்டது, ரேடியேட்டர் முன்னால் நின்றது. 1959-இல் வந்த மினியில் இந்தச் சிக்கலுக்கு ரேடியேட்டரையே பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்து, என்ஜின் ஃபேன் காற்றைச் சக்கரப் பள்ளத்துக்குள் தள்ளுகிற மாதிரி செய்தார்கள். பிறகு வந்த குறுக்கு என்ஜின் வண்டிகளில் பெரும்பாலானவை ரேடியேட்டரை முன்னாலேயே விட்டுவிட்டு மோட்டார் வைத்துக்கொண்டன. இன்றைக்குக் கார்களில் எலக்ட்ரிக் ஃபேன்தான் வழக்கம் என்பதால் அது எல்லா வண்டிக்கும் மேல் என்று நினைத்துவிடுகிறோம். முதலில் அது இடப் பிரச்சினைக்கு வந்த தீர்வு, பிறகுதான் எரிபொருள் சேமிப்பெல்லாம்.

சரி, நேருக்கு நேர் வைப்போம்.

டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது எலக்ட்ரிக் ஃபேனுக்குத்தான் என் ஓட்டு. என்ஜின் 800-இல் இருந்தாலும் மோட்டார் தன் முழு வேகத்தில் ஓடும். நேர் முறுக்கு ஃபேன் இங்கேதான் திணறும். நல்ல நிலையில் இருக்கிற விஸ்கஸ் ஃபேன், ஒழுங்கான ஷ்ரவுட் (ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே காற்றை வழிநடத்துகிற கூடு) இருந்தால், பெரும்பாலும் சமாளித்துவிடும்.

பாரம் ஏற்றிக்கொண்டோ டிரெய்லரை இழுத்துக்கொண்டோ மலை ஏறுகிறீர்கள், இரண்டாவது கியர், மெதுவான வேகம், என்ஜின் மட்டும் 3000-க்கு மேல். இங்கே நிலைமை தலைகீழ். எதிர்க்காற்று இல்லை, என்ஜின் சூடு உச்சத்தில். பெரிய விஸ்கஸ் ஃபேன் முழுதாகப் பிடித்தால் சில குதிரைசக்தியைத் தின்றுகொண்டு காற்றை அள்ளி இழுக்கும். எலக்ட்ரிக் ஃபேன்? 20 ஆம்பியர், பதிமூன்றரை வோல்ட், மொத்தம் 270 வாட். குதிரைசக்தியில் சொன்னால் அரை கூட வராது. எவ்வளவு நல்ல இறக்கை இருந்தாலும் 270 வாட்டில் கிடைக்கிற காற்றுக்கு ஒரு எல்லை உண்டு. லாரிகளும், கனமான நான்கு சக்கர ஓட்ட வண்டிகளும் விஸ்கஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான், பழமைவாதம் இல்லை.

தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமாகச் சுற்றுகிற பெல்ட் ஃபேன் தண்ணீரில் இறங்கினால் இறக்கை முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும். எலக்ட்ரிக் ஃபேனை சுவிட்சு வைத்து நிறுத்திவிட்டு இறங்கலாம். நிறுத்த மறந்தால் இறக்கை தண்ணீரில் மாட்டி ஃபியூஸ் போகும்.

பவர், மைலேஜ் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேர் முறுக்கு ஃபேனைக் கழற்றினால் வித்தியாசம் காலுக்கே தெரியும். என்ஜின் கொஞ்சம் இலகுவாக ஏறும், சத்தம் குறையும். விஸ்கஸைக் கழற்றினால் நெடுஞ்சாலையில் பெரிதாக ஒன்றும் இல்லை, அது ஏற்கெனவே அங்கே வழுக்கிக்கொண்டுதானே இருந்தது! மோட்டாருக்கு மின்சாரமும் சும்மா வரவில்லை. என்ஜின் சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் தனக்குக் கிடைப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் மின்சாரமாக்கும், ஆக அந்த 270 வாட்டுக்கு என்ஜின் 500 வாட் அளவுக்குக் கொடுக்க வேண்டும். என்ன, தேவைப்படும் நேரம் மட்டும் கொடுக்கிறது, அதுதான் லாபம்.

மாற்றுகிற பலரும் செய்கிற பெரிய தப்பு, சூடாகிற வண்டிக்கு இதை மருந்தாக நினைப்பது. வண்டி எப்போது சூடாகிறது என்று பாருங்கள். நின்றால் சூடு காட்டுகிற முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் மேல் சந்தேகப்படலாம். 80-இல் போகும்போது முள் ஏறினால் அது ஃபேன் வேலையே இல்லை. அடைத்த ரேடியேட்டர், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற கீழ் ஹோஸ், இப்படி எதுவாகவும் இருக்கலாம். அழுத்தம் நிற்காத ரேடியேட்டர் மூடிகூட காரணம்தான்: 15 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காக இருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் கொதிக்க 125 டிகிரியைத் தாண்ட வேண்டும், மூடி போய்விட்டால் 107-ஐ ஒட்டியே கொதித்து வெளியே தள்ளும். விஸ்கஸையும் சோதிக்காமல் தூக்காதீர்கள். சூடான என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, இறக்கையைக் கையால் தள்ளிவிடுங்கள். கனமாக, தேன் கிண்டுவதுபோல் இழுத்து உடனே நிற்க வேண்டும். ராட்டினம் மாதிரி இரண்டு மூன்று சுற்று போனாலோ, நடுவில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்தாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ கிளட்ச் முடிந்தது. புதுக் கிளட்ச் ஒன்று போட்டாலே பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இனி என் கூத்து. முதல்முறை மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்சு) இல்லாமல், மெல்லிய ஒயரில், இக்னிஷன் சுவிட்சு வழியாகவே ஃபேனுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டார். ஃபேன் சுற்றியது, நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். மதிய வெயில் டிராஃபிக்கில் முள் மெதுவாக மேலே போனது. இரண்டு வாரம் ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தால் 13.6 வோல்ட், ஃபேன் பிளக்கில் வைத்தால் 10.8. மீதி எல்லாம் ஒயரிலும் சுவிட்சிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒயர் மேல் உறை இளகி வழவழவென்று இருந்தது. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வேகமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். மோட்டார் மேல் தப்பே இல்லை.

ஆகவே ஒயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, 4 அல்லது 6 சதுர மி.மீ. ஒயரில் 40 ஆம்பியர் ரிலேயின் 30-ஆம் காலுக்கு, 87-இலிருந்து ஃபேனுக்கு, 86-க்கு இக்னிஷன் கரண்ட், 85-ஐ வெப்ப சுவிட்சு வழியாக எர்த்துக்கு. 20 ஆம்பியர் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதை மனதில் வைத்து ஃபியூஸ் போடுங்கள், 30 சரியாக இருக்கும். எர்த்தையும் பெயின்ட் மேல் முறுக்காமல் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

வெப்ப சுவிட்சு விஷயத்தில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். தெர்மோஸ்டாட் 88-இல் திறக்கிறது, ஃபேன் சுவிட்சு 85-க்கு இறங்கினால்தான் ஃபேனை நிறுத்துகிற ரகம், அதையும் மேல் ஹோஸ் பக்கம் வைத்துவிட்டார்கள் என்றால் ஃபேன் ஒருபோதும் நிற்காது. தெர்மோஸ்டாட்டே தண்ணீரை 88-க்குக் கீழே விடாதே! மேல் பக்கம் வைத்தால் தெர்மோஸ்டாட்டை விட ஐந்தாறு டிகிரியாவது மேலே நிற்கிற சுவிட்சு வேண்டும். கீழ்த் தொட்டியில் வைத்தால் ஆறிய தண்ணீரைப் பார்க்கிறது, அங்கே எண் குறைவாக இருக்கலாம். ஹோஸுக்குள் மெல்லிய குழாயைச் செருகி கிளிப் முறுக்குகிற ரகம் ஒன்று உண்டு. சொட்டும். இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம்.

ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், இழுக்கிற மாதிரி வையுங்கள். முன்னால் வைத்துத் தள்ளுகிற ஃபேன் ஓடும்போது வருகிற காற்றுக்கே தடுப்பு. சுற்றிலும் ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கிற பகுதியை மட்டும் குளிர்விக்கும், மூலைகள் சும்மா இருக்கும். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே குத்திக் கட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதிர்வில் தேய்ந்து தேய்ந்து குழாயில் ஓட்டை போடும். மாட்டி முடித்ததும் ஒரு தாளைக் கிரில் பக்கமிருந்து ரேடியேட்டர் முன்னால் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம் ஆல்டர்னேட்டர். இரவு, மழை, டிராஃபிக்: ஹெட்லைட் 10 ஆம்பியர், உள்ளே புளோயர் 10, வைப்பர் 5, இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் சேர்ந்து 7, இதற்கு மேல் ஃபேன் 20. ஐம்பதைத் தாண்டியாச்சு. பழைய வண்டியின் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்திலேயே இதைத் தராது, நிற்கும்போது அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். எலக்ட்ரிக் ஃபேன் அதிகம் உழைக்கிற நேரமும் ஆல்டர்னேட்டர் சோர்ந்திருக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துபோனதுதான் இதன் பரிதாபம். பெரிய ஆல்டர்னேட்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏ.சி. இருந்தால் கம்ப்ரஸர் ஓடும்போதோ கேஸ் அழுத்தம் ஏறும்போதோ ஃபேன் ஓடுகிற மாதிரி இன்னொரு ஒயர் கட்டாயம்.

நேர் முறுக்கு ஃபேன் உள்ள சின்ன வண்டி, ஊருக்குள் ஓட்டம், ஆல்டர்னேட்டர் தாங்கும் என்றால் தாராளமாக மாற்றுங்கள். நல்ல விஸ்கஸும் ஒழுங்கான ஷ்ரவுட்டும் உள்ள வண்டி என்றால் நான் தொடமாட்டேன். பாரம் இழுக்கிற வண்டியில் தொடவே மாட்டேன். கழற்றுகிறவர்கள் கவனிக்க: சில விஸ்கஸ் நட்டுகள் இடப்பக்க மரை, வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், தப்பான திசையில் திருப்பி உடைத்துவிடாதீர்கள். ஃபேன் போனபின் பழைய நீள போல்ட்டையே புல்லியில் முறுக்கினால் அடியில் முட்டி நின்றுவிடும், புல்லி இறுகாது, குட்டை போல்ட் வேண்டும். என் பழைய ஃபேன், ஷ்ரவுட், அந்த நீள போல்ட் நான்கு, எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கிறது. தூரப் பயணம் என்றால் சாக்கை டிக்கியில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன்.