பீன்யா பட்டறையில் 17 வருஷம் ஓடிய த்ரீகாம் கார்டு

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் எங்கள் பட்டறையில், லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு பென்டியம் 4 வொர்க்ஸ்டேஷன் இருந்தது. அளவெடுக்கும் கருவி சீரியல் போர்ட் வழியே கொடுக்கும் எண்களை வாங்கி சர்வருக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. 2008 மழைக்காலத்தில் விழுந்த இடியில் மதர்போர்டோடு வந்த லேன் போர்ட் போய்விட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டுக் குவியலைக் கிளறி ஒரு த்ரீகாம் 3சி905சி நெட்வொர்க் கார்டு எடுத்தேன், 150 ரூபாய். "கேரண்டி கேக்காதீங்க சார். ஆனா இது சாகாது" என்றார் கடைக்காரர், நல்ல தமிழில்.

சாகவில்லைதான். கட்டிங் ஆயில் ஆவி, தூசி, மின்வெட்டு எல்லாம் பார்த்துவிட்டது. நொடிக்கு 100 மெகாபிட் எங்களுக்கு ஏகப்பட்டது. ஒரே ஒரு முறை படுத்தியது. புது ஸ்விட்ச் வந்ததும் ஃபைல் எல்லாம் நத்தை மாதிரி நகர்ந்தது. ரெண்டு நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஸ்விட்ச் போர்ட்டை யாரோ ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) பூட்டி வைத்திருக்கிறார்கள். எந்த முறை என்று கார்டோடு பேசி முடிவெடுக்க ஸ்விட்ச் வராததால் கார்டு, ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்ற ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருந்தது. கார்டு மேல் தப்பே இல்லை.

கார்டை லினக்ஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரின் பெயர் 3சி59எக்ஸ். பூட் ஆகும்போதே டொனால்டு பெக்கர் பெயரைத் திரையில் காட்டும். 1994-ல் நாசாவில் சாதாரண பிசிக்களைக் கோத்து பேவுல்ஃப் கிளஸ்டர் என்ற கூட்டுக் கணினியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அதற்காகவும் அதன் பிறகும் அவர் எழுதிய ஈதர்நெட் டிரைவர்கள்தான் லினக்ஸை அந்நாளில் நெட்வொர்க்கில் நிற்க வைத்தன. த்ரீகாம் கம்பெனியையே 2010-ல் ஹெச்பி வாங்கிவிட்டது. டிரைவர் மட்டும் லினக்ஸின் மையமான கெர்னலில் தங்கிவிட்டது.

2022-ல் லினக்ஸ் 5.19-ல் டெக் என்ற பழைய கம்பெனியின் கார்டுகளுக்கான டிஇ4எக்ஸ்5 டிரைவரைத் தூக்கியபோது முதலில் கோபம்தான் வந்தது. காரணத்தைப் படித்தபின் வாயடைத்துப் போனேன். கெர்னலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி 2005-ல் வந்த நாளிலிருந்து அந்த ஃபைலில் நடந்ததெல்லாம் கிட்டத்தட்ட கெர்னல் முழுக்கச் செய்த பொதுத் திருத்தங்கள்தான். கார்டைக் கையில் வைத்திருந்து பிழை திருத்தியவர் என்று யாரையும் காணோம். போதாக்குறைக்கு, கைவிடச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்ட பழைய டிஎம்ஏ (கார்டு நேராக மெமரியைத் தொடும்) முறையையே அது பிடித்துக்கொண்டிருந்தது.

லினக்ஸ் மாதிரி இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி இதையே வேறு விதமாகச் செய்தது. 10/100 மெகாபிட் கார்டுகளின் டிரைவர்களைப் பட்டியலிட்டு, எதையெல்லாம் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்று 2018-ல் கேட்டார்கள். 12-ம் பதிப்பில் எச்சரிக்கை. 2021-ல் 13 வந்தபோது என்இ2000 வகைக் கார்டுகளின் 'ஈடி' டிரைவர், பழைய த்ரீகாமின் 'ஈபி' டிரைவர் எல்லாம் இல்லை. பயன்படுத்த ஆள் இருந்த ரியல்டெக்கின் 'ஆர்எல்', இன்டெலின் 'எஃப்எக்ஸ்பி' மாதிரியானவை தப்பின. கேட்டுவிட்டு எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் என்னைக் கேட்டிருந்தால்? இத்தனை வருஷத்தில் ஒரு பிழை அறிக்கை அனுப்பியதில்லை. வெளியீட்டுக்கு முந்தைய கெர்னல் ஒன்றைக்கூட அந்த மிஷினில் ஓட்டிப் பார்த்ததில்லை. எங்கேயோ ஒருவர், கார்டைக் கண்ணால் பார்க்காமலே, கம்பைல் ஆகிறது என்ற ஒரே நம்பிக்கையில் 3சி59எக்ஸின் மூவாயிரத்துச் சொச்சம் வரியைத் திருத்திக்கொண்டிருந்தார். சோதிக்க வேண்டிய நான் சும்மா இருந்தேன். இப்படிப்பட்ட பயனரை நம்பி ஒரு டிரைவரை வைத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டறைத் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணே, இதையும் தூக்கிட்டா நம்ம மிஷின் நின்னுடுமா?"

"எப்படிடா நிக்கும்? நம்ம கெர்னல் நம்மகிட்டதானே இருக்கு. புதுசுதான் வராது."

புதுசு வராமல் போனதும் கார்டால் அல்ல. நாங்கள் போட்டிருந்த லினக்ஸ் தொகுப்பு டெபியன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல், எங்களுடையது மாதிரியான 32 பிட் பிசிக்கான கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. டெபியன் 12-ல் நின்ற மிஷினுக்கு, நாளைய கெர்னலில் 3சி59எக்ஸ் இருந்தால் என்ன, போனால் என்ன?

இப்போது அந்த இடத்தில் ஒரு மினி பிசி, யுஎஸ்பி சீரியல் கேபிளோடு. வந்த முதல் வாரமே, கேபிளைப் பிடுங்கிச் செருகினால் போர்ட் எண் 0 என்பது 1 ஆகி, அரை நாள் அளவுகள் பதிவாகவில்லை. எண்ணை விட்டுவிட்டு, கேபிளின் அடையாளப் பெயரால் போர்ட்டைக் கூப்பிடும்படி மாற்றிய பிறகுதான் அடங்கியது. த்ரீகாம் கார்டைத் துடைத்து மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் தம்பி என் முகத்தைப் பார்க்கிறான்.