பழைய மேக் மினிக்கு 27 அங்குலத் திரை: சில ஆண்டுகளின் அனுபவம்

ஆப்பிளின் சின்னக் கணினிப் பெட்டியான மேக் மினியின் 2012ஆம் ஆண்டு மாடலில்தான் இன்றும் மெய்ப்புத் திருத்துகிறேன். அதற்குத் திரையைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ராமை (நினைவகத்தை) 16 ஜிபி ஆக்கி, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்ட பிறகு அந்தப் பெட்டியின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இடைஞ்சலாக இருந்தது 21.5 அங்குலத் திரைதான். நூலின் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால் எழுத்து பொடியாகிவிடும். ஒன்றைப் பெரிதாக்கினால் எதிர்ப்பக்கம் மறைந்துவிடும்.

பெரிய திரை வேண்டும் என்றதும் கடைகளில் முதலில் எடுத்து வைப்பது 1920×1080 ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கை) கொண்ட 27 அங்குல மானிட்டரை. விலை குறைவு, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். தமிழைக் கூர்ந்து படிக்கும் வேலை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். இதே ரெசல்யூஷன் கொண்ட என் 21.5 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல்கள். இதில் 82 மட்டுமே. எழுத்து பெரிதாகுமே தவிர, கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் சின்னச் சாய்வுக் கோடு ஒன்றுதான். பத்து பாயிண்ட் எழுத்தில் அது ஒன்றிரண்டு பிக்சலுக்குள் கரைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. 'பாரம்' என்பது 'பரரம்' என்று அச்சுக்கோக்கப்பட்டிருந்தால் கண்ணுக்குச் சிக்காது. எழுத்தின் விளிம்பை நுணுக்கமாக மெருகேற்றிக் காட்டும் பழைய முறையை 2018இல் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பில் ஆப்பிள் கைவிட்டது. அதன் பிறகு பிக்சல் குறைந்த திரைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடிவிட்டது.

எனக்குச் சரியாக அமைந்தது 2560×1440 ரெசல்யூஷனில் 27 அங்குலம். அங்குலத்துக்கு 109 பிக்சல்கள். இதே ரெசல்யூஷனில் 32 அங்குலத் திரையும் கிடைக்கிறது; அதில் அடர்த்தி 92 ஆகக் குறைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

இங்கே போர்ட்டை, அதாவது திரையின் கேபிளைச் செருகும் வாயை, கவனிக்க வேண்டும். இந்த மாடலின் எச்டிஎம்ஐ போர்ட் 1920×1200க்கு மேல் போகாது. பக்கத்திலேயே இருக்கும் தண்டர்போல்ட் போர்ட்தான் 2560×1600 வரை தருகிறது. அதன் வாய் மினி டிஸ்ப்ளேபோர்ட்டின் வாயேதான். ஆகவே, மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் நேர் கேபிள் ஒன்று போதும். டிஸ்ப்ளேபோர்ட் இல்லாத மானிட்டரை வாங்கிவிட்டு, மலிவான எச்டிஎம்ஐ அடாப்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அவற்றில் பல 1920×1200லேயே நின்றுவிடும்.

புதிதாக வாங்க வசதிப்படவில்லை. சென்னை ரிச்சி தெருவில், அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டிய மானிட்டர்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். மேக் மினியின் எடை ஒன்றேகால் கிலோ கூட இல்லை என்பதால் அதையே கேபிளோடு பையில் போட்டுக்கொண்டு போனேன். கடையில் மாட்டி, முதலில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்தேன். ஒரு மானிட்டரில் கீழ்மூலை பழுத்த காகிதம்போல மஞ்சளாகத் தெரிந்தது. இன்னொன்றில் வெளிச்சத்தைக் குறைத்ததும் ஒரு சிமிட்டல் கண்ணை உறுத்தியது. அடுத்ததில் நான் திருத்திக்கொண்டிருந்த நூலின் பக்கத்தைத் திறந்தேன். 'ர்' மேலிருந்த புள்ளி தனியாக நின்றது. அதையே வாங்கிவந்தேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை; தாங்கியை ஏற்றி இறக்கலாம். கழுத்து வலி உள்ளவர்கள் இந்தத் தாங்கிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

வீட்டுக்கு வந்த பிறகு தொல்லை கொடுத்தது கேபிள். தூக்கநிலையிலிருந்து எழுப்பினால் திரை சில நேரம் கறுப்பாகவே இருக்கும். மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20ஆம் முனை இரு பக்கமும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது விதி. தரமில்லாத சில கேபிள்களில் அதையும் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் அந்த வழியாகக் கணினிக்குள் ஏறி இப்படிக் குழப்பும். விதிப்படி செய்த வேறு கேபிளை மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது, பிறகு வரவேயில்லை.

இப்போது இரண்டு ஏ4 பக்கங்கள் அசல் அளவிலேயே அருகருகே நிற்கின்றன. பக்கவாட்டில் அகராதியைத் திறந்து வைக்கவும் இடம் மிஞ்சுகிறது. மாலையில் கண் எரிவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. விசைப்பலகையிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை. மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தான்களைத் தடவித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. வேறு குறை சொல்வதற்கில்லை.

2010, 2011 மாடல்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்; எச்டிஎம்ஐயை விட்டுவிட்டு மற்ற போர்ட்டில் மாட்டுங்கள். 2014 மாடலின் எச்டிஎம்ஐ 4கே திரையையும் இயக்கும், ஆனால் நொடிக்கு 30 சட்டங்கள்தான். சுட்டியை நகர்த்தும்போதே இழுவை தெரியும். அவர்களும் 2560×1440க்கே போகலாம்.