ஓவனுக்கு வைஃபை போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்!

ஊட்டியில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஓவன், கெய்சர் எதுவானாலும் போனிலேயே ஆன் செய்யும்படி மாற்றித் தரும் ஒரு கடையில் எங்கள் வீட்டு ஓடிஜி ஓவனைக் கொடுத்திருந்தோம். அக்கா கேக் ஆர்டர் எடுப்பவர். மார்க்கெட்டிலிருந்து கிளம்பும்போதே ஓவன் சூடாக ஆரம்பித்தால் அவருக்கு வசதி. 16 ஆம்பியர் ரிலே (போன் சொல்வதைக் கேட்டு கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) என்று பில்லில் எழுதி 3,500 ரூபாய் வாங்கினார்கள்.

போன வாரம் காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனது. நள்ளிரவில் திரும்ப வந்ததும் ஓவன் தானாகவே ஆன் ஆகிவிட்டது. யாரும் போனைத் தொடவில்லை. கருகல் வாடைக்கு எழுந்த அக்கா ஓடிப்போய் மெயினை அணைத்தார். பிள்ளைகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் பின்பக்கத் தகட்டைக் கழற்றினோம். ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டு, பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சின்ன நீல ரிலே. அதன் தலையிலேயே 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது! ஓவன் 2000 வாட். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். மணிக்கணக்கில் கேக் வேகும்போது அந்த மலிவு ரிலே எப்படித் தாங்கும்? ரிலேக்குள் இருக்கும் காண்டாக்ட் (தொட்டு விலகும் உலோக முனை) ஒட்டிக்கொண்டால் போனில் ஆஃப் கொடுத்தாலும் அணையாது. வயர் மாட்டும் டெர்மினல் உருகிப் பழுப்பேறியிருந்தது. எர்த் வயரை வெட்டி டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். இதையெல்லாம்விட, டைமரைத் தாண்டி நேரடியாக வயர் இழுத்திருந்ததுதான் என்னைப் பதற வைத்தது. டைமர் வேலை செய்திருந்தால், கரண்ட் வந்தாலும் ஓவன் சூடாகியிருக்காது.

கடையில் கேட்டால், “உங்க வைஃபை சரியில்ல சார்” என்கிறார். வைஃபைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கரண்ட் திரும்பும்போது ரிலே ஆஃபிலேயே இருக்கும்படி புரோகிராமில் வைத்துவிடலாம். இந்த வகை போர்டுகளில் போடும் டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதைக்கூடச் செய்யாமல் கொடுத்திருக்கிறார்கள்.

ஹோம்ஸ்டே கெய்சர்களையும் மாற்றித் தந்திருப்பதாக அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். 3000 வாட் கெய்சர் என்றால் 13 ஆம்பியர். அதிலும் இதே நீல ரிலேதான் என்றால் அறையில் தங்குபவர்கள் கதி? இப்படி மாற்றியிருப்பவர்கள் இன்றே இணைப்பைத் துண்டித்துவிட்டு, நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் இன்னும் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ரிலே, பில் இரண்டின் போட்டோவும் என்னிடம் உள்ளது. அங்கே மாற்றியவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.