மாவடுவா ஆவக்காயா: ஒரு ஜாடிக்குத்தான் இடம் என்றால்

போன வருடம் இரண்டும் போட்டேன். பங்குனியில் இரண்டு கிலோ வடு, சித்திரைக் கடைசியில் இரண்டு கிலோ மாங்காயில் ஆவக்காய். இந்த வருடம் வீடு மாறியதில் சமையலறை சுருங்கிவிட்டது, அலமாரியில் ஒரு பெரிய பீங்கான் ஜாடிக்குத்தான் இடம். வடுவையே போட்டேன்.

ருசியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. சுடுசாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தால் ஆவக்காய்தான் வேண்டும், தயிர்சாதத்துக்கு வடுதான் வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி பெரும்பாலும் தயிர்சாதம். செலவில், ஆவக்காய்க்கு எண்ணெய்தான் கனம். கிலோ மாங்காய்க்கு எனக்குச் சுமார் 400 மில்லி நல்லெண்ணெய் பிடித்தது. வடுவுக்குக் கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் போதும்.

போடுகிற வேலையில் ஆவக்காய்க்கே முதலிடம், அதை மறைக்க வேண்டியதில்லை. நார் உள்ள புளிப்பு மாங்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஓட்டோடு வெட்டி, பருப்பையும் உள்தோலையும் எடுத்துவிட்டு, உப்பு, மிளகாய்ப் பொடி, கடுகுப் பொடி மூன்றையும் சம அளவில் கலந்து எண்ணெய் விட்டால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் ஒரு கிளறல், அவ்வளவுதான். வடு அப்படி விடாது. இரண்டு வாரம் தினமும் ஜாடியைக் குலுக்க வேண்டும்.

ஆனால் ஊறுகாய் போடுவது ஒரு நாள், காப்பாற்றுவது பத்து மாதம். என் முடிவு அங்கேதான் விழுந்தது. ஆவக்காய்க்குக் காவல் மேலே நிற்கிற எண்ணெய். அந்த எண்ணெயைத் துண்டுகள் குடிக்கும். நாமும் ஒவ்வொரு முறை எடுக்கும்போது கொஞ்சம் எண்ணெயைச் சேர்த்தே எடுக்கிறோம், எண்ணெய் இல்லாமல் ஆவக்காய் ருசிக்காதே. ஆக, சாப்பிடச் சாப்பிடக் காவல் குறைகிறது. ஐப்பசி மழையில் நான் ஒரு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து ஜாடியைத் திறந்தால் மேல் துண்டுகள் எண்ணெயை விட்டு வெளியே நின்று, சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. கால் ஜாடிக்கு மேல் மிச்சம் இருந்தது, அத்தனையும் போயிற்று. எண்ணெய் காய்ச்சி ஆறவைத்து முன்பே ஊற்றியிருக்க வேண்டும்.

வடுவில் கணக்கு தலைகீழ். அதன் காவல் உப்புத் தண்ணீர். அதைக் காயே விடுகிறது. தட்டில் வைப்பது வடுவை மட்டும்தான், தண்ணீர் ஜாடியிலேயே தங்கிவிடுகிறது. வடு குறையக் குறைய, மிச்சமிருப்பது இன்னும் ஆழமாக முழுகிக் கிடக்கும். முதல் இரண்டு மாதம் ஜாடி நிறைய இருக்கும்போதுதான் கவனம் தேவை. மேலே மிதப்பதை அமுக்க ஒரு சின்னப் பீங்கான் தட்டு வைத்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிடுவேன். போன வருட வடு தை மாதம் வரை வந்தது, ஒன்றுகூட அழுகவில்லை. கடைசியில் நின்ற தண்ணீரில் பச்சை மிளகாயைக் கீறிப் போட்டேன், அது ஒரு வாரத்துக்கு மோர்சாதத்துக்கு ஆயிற்று.

இதற்கெல்லாம் காய் சரியாக இருக்க வேண்டும். காம்போடு பறித்த வடுவாகப் பாருங்கள். மரத்திலிருந்து உதிர்ந்து அடிபட்டது கூட்டத்தில் இருந்தால் அது முதலில் கொழகொழத்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துத்தான் நான் வாங்குவேன், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கிலோவுக்கு 200 கிராம் கல் உப்பு. கழுவி உலர்த்திய வடுவில் விளக்கெண்ணெய் பூசி, ஓர் அடுக்கு வடு, ஒரு கை உப்பு என்று போடுங்கள். மூன்று நான்கு நாளில் தண்ணீர் விட்டு, தோல் சுருங்கத் தொடங்கும். அப்புறம் 50 கிராம் மிளகாய் வற்றல், 25 கிராம் கடுகு, ஒரு துண்டு மஞ்சள் இவற்றை அந்தத் தண்ணீரிலேயே அரைத்துக் கலக்க வேண்டும். வேறு தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

ஆவக்காய் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள். வடு பதினோரு வருடமாகப் போடுகிறேன், ஆவக்காய் போட்டது இரண்டே முறை. தலைமுறையாகப் போடும் ஆந்திர வீடுகளில் அது வருடம் முழுக்க நிற்கிறது. எண்ணெய் எப்போது இறங்குகிறது என்பது அவர்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். வீட்டில் ஆறேழு பேர் இருந்து, மூன்று மாதத்தில் ஜாடி காலியாகிவிடும் என்றால் நான் சொன்ன பயமே தேவையில்லை, ஆவக்காயே போடுங்கள்.

இரண்டு பேர் உள்ள வீட்டில் ஆவக்காய் ஆசையும் விடவில்லை என்றால், பெரிய ஜாடி வேண்டாம். அரைக் கிலோ மாங்காயை மட்டும் போட்டு, மூன்று சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் துண்டு மறைய எண்ணெய் விட்டு மூடிவையுங்கள். ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் திறந்தால் போதும். அடுத்த சித்திரையில் நான் அப்படித்தான் போடப்போகிறேன்.