செயினா, டயரா? பழைய டிராக் லோடர் எடுத்த கதை

மண்ணும் எருவும் அள்ளும், ரப்பர் செயினில் ஓடும் சின்ன வண்டியான டிராக் லோடர் ஒன்றைப் பழையதாக வாங்கி இதுவரை 400 மணி நேரம் போல ஓட்டியிருக்கிறேன். எடுப்பதற்கு முன் மூன்று வண்டிகளை மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். ஒன்று டயர் வண்டி, மற்ற இரண்டும் செயின் வண்டி. எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் செயின் பக்கம் சாய்ந்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நான்கு டயரோடு நின்ற இடத்திலேயே சுற்றுகிற சின்ன லோடருக்கு ஸ்கிட் ஸ்டியர் என்று பெயர். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நமக்கு அது 'பாப்கேட்'தான். அதன் பிறப்பே பண்ணையில்தான். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இருவர், வான்கோழிக் கொட்டகைக்குள் நுழைந்து எருவை அள்ள ஒரு சின்ன லோடரைச் செய்தார்கள். மெல்ரோ என்ற கம்பெனி அதை வாங்கி வளர்த்தது, பாப்கேட் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. டயருக்குப் பதில் ரப்பர் செயினில் ஓடுவது காம்பாக்ட் டிராக் லோடர். பக்கெட், கை, கேபின், மாட்டும் கருவிகள் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் கீழேதான்.

எனக்கு வேலை மாட்டுக்கொட்டகை எருவை அள்ளுவது, அதை வயலுக்குக் கொண்டுபோவது, வரப்பு சரிசெய்வது, வேலிக்குக் குழி போடுவது. முதலில் வாடகைக்கு ஒரு டயர் வண்டி எடுத்து ஓட்டினேன். கொட்டகைத் தளத்தில் அது ராஜா. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அதே வண்டியை வயலில் இறக்கினேன். பத்தடி கூடப் போயிருக்காது, வயிறு தரையில் தட்டி உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தோம். செயின் வண்டி தேடத் தொடங்கியது அன்று சாயங்காலம்.

டயர் வண்டியின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. விலை குறைவு, ஓட்டம் வேகம், கெட்டியான தரையில் தேய்மானம் குறைவு. ஒரு டயர் போனால் அந்த ஒரு டயரை மாற்றினால் போதும். உங்கள் வேலையில் முக்கால்வாசி கான்கிரீட்டிலோ சரளைப் பாதையிலோதான் என்றால் யோசிக்க வேண்டாம், டயர் வண்டியே எடுங்கள். டயருக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் இரும்புச் செயினும் உண்டு. எப்போதாவது சேற்றில் இறங்குபவருக்கு அது போதும்.

செயினின் பலம் அது தரையை அழுத்தும் அளவில் இருக்கிறது. டயர் வண்டி சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் அழுத்தும், செயின் வண்டிக்கு அது 4 முதல் 6 பவுண்டு. ஈரக்களிமண்ணில் மிதந்து போவது போலப் போகும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்மண் தாங்குகிறது என்பதால் அடிமண் இறுகாது என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி நாலு டன் என்றால் அந்த நாலு டன்னும் எங்கேயோ இறங்கத்தான் செய்யும். நின்ற இடத்தில் திருப்பினால் செயின் புல்லை வேரோடு உரித்துப் போடும். டயர் வண்டியும் உரிக்கும்தான், ஆனால் செயினின் தடம் அகலம்.

விவரத்தாளைப் பார்க்கும்போது நான் ஏமாறப் பார்த்த இடம் ஒன்று உண்டு. தூக்கும் திறன் என்று போடும் எண், வண்டி முன்பக்கம் குப்புறச் சாயும் பாரத்தில் டயர் வண்டிக்கு 50 சதவீதம், செயின் வண்டிக்கு 35 சதவீதம். 2,000 கிலோவில் சாயும் இரண்டு வண்டிகளில் டயர் வண்டி 1,000 என்று காட்டும், செயின் வண்டி 700 என்று காட்டும். செயின் வண்டிக்குப் பலம் குறைவு என்று நானும் முதலில் நினைத்தேன். சாயும் பாரத்தோடு சாயும் பாரத்தை வைத்துப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய செயின் வண்டி வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது அதன் அடிப்பாகத்தை. ரப்பர் செயின், அதைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், முன்னும் பின்னும் செயினைத் தாங்கித் திருப்பும் சக்கரமான ஐட்லர், நடுவில் வரிசையாக எடையைத் தாங்கும் ரோலர்கள், இருபுறமும் ஸ்பிராக்கெட்டை ஓட்டும் ஒவ்வொரு ஃபைனல் டிரைவ். எஞ்சின் 5,000 மணி நேரமும் தாண்டி ஓடும். ரப்பர் செயின் கலப்பு வேலையில் 1,200 முதல் 1,600 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மெத்தென்ற மண்ணிலேயே, பார்த்து ஓட்டினால் அதற்கு மேலும் போகும். கான்கிரீட்டில் சுற்றிச் சுற்றித் திருப்பினால் 800ஐக் கூடத் தொடாது. அதனால் ஹவர் மீட்டரில் இருக்கும் எண் எஞ்சினைப் பற்றிச் சொல்லும் அளவுக்குக் கீழ்ப்பாகத்தைப் பற்றிச் சொல்லாது.

நான் பார்த்த இரண்டு செயின் வண்டிகளும் இதற்கு நல்ல உதாரணம். முதலாவது 1,400 மணி நேரம் ஓடியது. புதுப் பெயின்ட், புது ரப்பர் செயின், கேபினுக்குள் கால்மிதி கூடப் புதுசு. இரண்டாவது 2,900 மணி நேரம். பக்கெட் நெளிந்திருந்தது, சீட் கிழிந்திருந்தது, செயின் பாதி தேய்ந்திருந்தது. கூட வந்த மச்சான் முதல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாப்ள, இதை விட்டுட்டு அந்தக் கிழட்டு வண்டியையா பார்க்கிறீங்க?" என்றார்.

முதல் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தேன். புதுச் செயினைப் பூட்டியிருந்தார்கள், ஸ்பிராக்கெட்டை மாற்றவில்லை. பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து சுறாமீனின் துடுப்பு மாதிரி வளைந்திருந்தன. தேய்ந்த பல் புதுச் செயினின் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டைகளில் சரியாக உட்காராது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கிக் கடித்துக்கொண்டே போகும், புதுச் செயின் அற்பாயுளில் போய்விடும். பார்க்கிறவர் கண்ணுக்குச் செயின் புதுசாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. வலது பக்கம் கடைசி ரோலரில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. கால்மிதி புதுசு என்றேன் அல்லவா, அதுவும் எனக்கு உறுத்தியது. 1,400 மணி நேரத்தில் கால்மிதி மாற்றும் அளவுக்குத் தேயாது. மீட்டர் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். அதை நான் துருவவில்லை, ஸ்பிராக்கெட்டே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது வண்டியின் சொந்தக்காரர் ஒரு பழைய பை நிறைய பில் வைத்திருந்தார். ஸ்பிராக்கெட், இரண்டு பக்க ரோலர்கள், ஒரு ஐட்லர், எல்லாம் 2,300 மணி நேரத்தில் செயினோடு சேர்த்தே மாற்றியவை. செயினின் வெளிப்பக்கம் தரையில் பதியும் ரப்பர்க் கட்டை புதிதில் 25 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், இதில் 13 இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், ஓட்டியவர் எப்போதும் ஒரே பக்கம் திருப்பியிருக்கிறார், அல்லது அந்தப் பக்க இழுவிசையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

செயினை இறுக்கும் கிரீஸ் சிலிண்டரைப் பார்க்கத் தவறாதீர்கள். கிரீஸ் கன்னால் அடித்தால் அதன் தண்டு வெளியே வந்து ஐட்லரை முன்னால் தள்ளும், செயின் இறுகும். தண்டு கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்து நின்றால், இனி இறுக்க இடம் இல்லை, செயினும் ஸ்பிராக்கெட்டும் ஆயுளின் கடைசியில் இருக்கின்றன. விற்பவர் என்ன சொன்னாலும் இந்தத் தண்டு பொய் சொல்லாது. (தளர்த்தும் வால்வை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸின் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும்.) ரப்பரில் வெட்டு விழுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து ஒருநாள் நடுவயலில் அறுந்துவிடும்.

ஃபைனல் டிரைவ் என்பது ஹைட்ராலிக் மோட்டாரும் கியரும் சேர்ந்த உருளை. பக்கத்துக்கு ஒன்று. ஒன்று போனால் செலவு பெரிது. அதன் ஆயில் பிளக்கைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசாக ஒட்டினால் பரவாயில்லை, மினுக்கும் துகள் வந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு அரை மணி நேரமாவது வேலை செய்து வண்டி சூடான பின், சமதரையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு கொடுத்து நேராக ஓட்டுங்கள். ஒரு பக்கம் இழுத்தால், செயின் இறுக்கம் இரண்டிலும் சமமா என்று முதலில் பாருங்கள். சமமாக இருந்தும் இழுத்தால் அந்தப் பக்கத்து மோட்டாரோ பம்போ தளர்ந்திருக்கிறது. குளிர்ந்த வண்டி இந்தக் குறையை மறைத்துவிடும். நான் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதுவும் சந்தேகம்தான், ஏனென்றால் காலையில் எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, என்ன புகை விடுகிறது என்பது தெரியாமல் போய்விடும். இரண்டும் தெரிய வேண்டுமானால் காலையிலேயே போய் நிற்க வேண்டும்.

செயின் செலவு தாங்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். அவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்கள். வருடத்துக்கு 1,000 மணி நேரம் ஓட்டுபவருக்கு ஒன்றரை வருடத்தில் செயின் போய்விடும். பண்ணையில் 250, 300 மணி நேரம்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு ஜோடி செயின் நாலைந்து வருடம் வரும். அப்போது தேய்மானத்துக்குச் சமமாக வெயிலும் ஒரு எதிரி. நிழலில் நிறுத்துங்கள், மாலையில் இறங்கும் முன் ரோலர்களுக்கு நடுவே இருக்கும் சேற்றை மண்வெட்டியால் தட்டி எடுங்கள். காய்ந்துவிட்டால் ரோலர் சுற்றாமல் நின்று ஒரு பக்கம் தட்டையாகத் தேயும்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. இந்த வகையில் 74 குதிரைசக்தி என்ற எண்ணை நிறையப் பார்ப்பீர்கள். அமெரிக்கப் புகை விதியில் 75ஐத் தொட்டால் கட்டுப்பாடு கடுமையாகிறது, பெரும்பாலும் யூரியாக் கரைசல் ஊற்றும் அமைப்பும் தேவைப்படுகிறது. அதற்குக் கீழே நின்றுகொள்ளத்தான் அந்த 74. பண்ணைக்கு அதுவே தாராளம். புகை வடிகட்டி இருக்கும் வண்டியில் அதைப் பிடுங்கி எறிந்திருந்தால் வாங்க வேண்டாம். கையின் வகையையும் பாருங்கள். பள்ளம் எடுக்க, மண் தள்ள வளைவாக ஏறும் கை நல்லது. டிரெய்லரில் எரு ஏற்ற, உயரத்திலும் முன்னால் எட்டி நிற்கும் நேர்க்கை நல்லது. என் வேலை எரு ஏற்றுவது, நான் நேர்க்கை எடுத்தேன்.

மாட்டுப்பண்ணையிலிருந்து வரும் வண்டி என்றால் கேபினைத் தூக்கி உள்ளே பாருங்கள். சாணமும் மூத்திரமும் ஒயர் இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். வயிற்றுத் தகட்டில் வைக்கோல் தூளும் ஆயிலும் சேர்ந்து கிடந்தால் ஒரு தீப்பொறி போதும். என் வண்டியில் இரண்டு வாளி வந்தது, அதைச் சொல்லி விலை குறைத்தேன்.

இரும்பே இல்லாத முழு ரப்பர் செயின், உள்பக்கம் சுற்றும் ஸ்பிராக்கெட், துள்ளலைத் தாங்கும் அச்சு என்று ஏஎஸ்வி கம்பெனி வண்டிகள் வேறு மாதிரி. கேட்டர்பில்லரின் 247, 257, 287 எண் வண்டிகளிலும் அவர்களுடைய அடிப்பாகம்தான். நான் ஓட்டியது அரை நாள். சவாரி மெத்தென்று இருந்தது, வேகமாகப் போனாலும் முதுகு வலிக்கவில்லை. சின்னச் சக்கரங்கள் நிறைய இருப்பதால் கீழே பார்க்க வேண்டியதும் அதிகம். நாள்பட வைத்திருந்த ஒருவர் சொல்வதை என் அரை நாளைவிட நம்புங்கள்.

கடைசியில் 2,900 மணி நேர வண்டியையே எடுத்தேன். இந்த 400 மணி நேரத்தில் ஒரு ரோலரும் ஒரு ஹைட்ராலிக் ஹோஸும் மாற்றினேன். நேற்று அளந்தபோது ரப்பர்க் கட்டை 9 மில்லிமீட்டர் இருந்தது. கல்நிறைந்த நிலத்தில் இதே வேகத்தில் தேயுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, என் நிலம் முழுக்கக் களிமண். அடுத்த வருடம் புதுச் செயின் வரும்போது ஸ்பிராக்கெட்டும் சேர்ந்தே வரும். மச்சான் இப்போதும் அந்தப் பெயின்ட் அடித்த வண்டியைப் பற்றிப் பேசுகிறார்.