அஸீஸ், கரீம்: இரு பெயர்கள்
யாழ்ப்பாணச் சோனகத் தெருக் குடும்பமொன்று ஆண் குழந்தைக்குப் பெயர் தேடும்போது அருகருகே வைத்து நோக்கத்தக்க அஸீஸ், கரீம் ஆகிய இரண்டும் இறைவனின் 99 திருநாமங்களில் இடம்பெறும் அரபுச் சொற்கள். ஆதலால் ‘அடியான்’ எனப் பொருள்படும் ‘அப்து’ முன்னே வர, அப்துல் அஸீஸ், அப்துல் கரீம் என இடுவதே மரபு. கரீமின் பொருள் நேரானது: கொடையாளன், மேன்மையாளன். அஸீஸோ வல்லமை, கண்ணியம், அருமை, அன்புக்குரியவன் எனப் பல பொருள்களாகக் கிளைப்பது. திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் எகிப்திய உயர் அதிகாரியின் பட்டமாகவும் வருவது. வலிமையையும் அன்பையும் ஒருசேரத் தாங்கும் அதுவே என் தெரிவு. 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக விளங்கிய அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸால் அப்பெயர் எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமானது.